பூட்டு சார் தந்த சாவி

டெல்லித் தமிழர்களில் பூட்டு சாரைப் போல ஒரு சந்தேகப் பேர்வழி இருந்ததே இல்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலும் யார் நீ என்று விசாரித்திருப்பார். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் மறந்தே போனோம்.

ஜனக்புரியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் எங்கள் சிறிய சாஃப்ட்வேர் கம்பெனி. நாங்கள் எழுதும் புரோகிராம்களை, யார் எந்த வரியை மாற்றினார் என்ற விவரத்தோடு காத்து வைக்க, எங்களோடு வேலை பார்த்த பூட்டு சார் ஒரு சர்வர் அமைத்தார். பேஸ்மென்டில் மழைத் தண்ணீர் வரும் என்று அதைத் தன் மனைவிக்கு அரசாங்கம் தந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் குடிவைத்தார். மே மாதம் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் சர்வருக்கு மட்டும்தான். குடும்பம் பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இன்டர்நெட் வழியே அந்த சர்வருக்குள் நுழைய பாஸ்வேர்டு கிடையாது. ஆளுக்கொரு பென் டிரைவில் ரகசியச் சாவி ஒன்றைப் பதிந்து தந்தார். வேலையை விடுகிறவர் கடைசி டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவர் சாவி செல்லாததாகிவிடும். பத்திரம், பத்திரம் என்று பூட்டு சார் எங்கள் உயிரை வாங்கியதில், நாங்கள் எல்லோரும் அதை ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டினோம்.

ஒருநாள் காலையில் போனால், குடியிருப்புப் பகுதியில் ஆபீஸ் கூடாதென்று அதிகாரிகள் கதவுக்கு சீல் வைத்துவிட்டார்கள். சாவிகள் எல்லாம் உள்ளே. அந்த வாரம் வேலையை ஒப்படைக்காவிட்டால் எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளரும் போய்விடுவார், கம்பெனியை மூட வேண்டியதுதான்.

கிட்வாய் நகருக்கு ஓடினோம். பூட்டு சார் கதவுச் சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியே பார்த்தார். வருடக்கணக்காகப் பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடம் கேட்டார்:

"நீதான்னு நான் எப்படிலே நம்புறது? நேத்து கடைசியா எதை மாத்துன, சொல்லு."

சொன்னேன். உள்ளே போய் சர்வரில் சரிபார்த்துவிட்டு வந்தார்.

"அச்சா. உள்ள வா."

இப்படியே ஒவ்வொருவராக. சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. பிறகு எல்லோருக்கும் புதுச் சாவி செய்து தந்தார். அவர் மனைவி போட்ட உப்புமாவைத் தின்றுகொண்டு, இரவல் கம்ப்யூட்டர்களில் அந்த வீட்டிலேயே வேலையை முடித்தோம். கம்பெனி பிழைத்தது.

சில வருடங்களில் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அன்று அவர் தந்த சாவி ஒரு மதியம் கையில் சிக்கியது. திறக்காது என்று தெரிந்தே சும்மா சர்வரில் முயன்றேன். திறந்தது. உடனே செல்போன் அடித்தது.

"உள்ள யாரு, நீயாலே?"

என் சாவியை இன்னும் எடுக்கவில்லையா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும்லே. போகும்போது கதவச் சாத்திட்டுப் போ."

வெளியே வர மனசில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.