குலுக்காதே மிஸ்ஸும் பழுகாமத்துப் பெட்டியும்

மட்டக்களப்பு வீதிகளில் உள்ள பள்ளங்களை வீதி போட்ட கொந்தராத்துக்காரரும் முழுதாக அறியமாட்டார், தினமும் அவற்றில் விழுந்து எழும்பும் பஸ்காரரும் அறியமாட்டார். அத்தனையையும் அறிந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, சொந்தக்காரரைப் போல அவற்றோடு பழகிய ஒரே மனிதப்பிறவி எங்கள் குலுக்காதே மிஸ்தான்.

உன்னிச்சைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளத்துக்கு ‘மாமியார்’ என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல் சாதுவாக இருக்கும். இறங்கினால்தான் ஆழம் தெரியும். கிரான் பக்கத்தில் ‘இரட்டையர்’ இருந்தார்கள். ஒருவருக்குத் தப்பினால் மற்றவரிடம் மாட்டுவது நிச்சயம்.

“சின்னராசா அண்ணன், மாமியார் வாறா. மெதுவா.”

“மிஸ், இதைவிட மெதுவா எண்டா நான் இறங்கித்தான் தள்ளணும்.”

“அப்ப தள்ளுங்க.”

சின்னராசா அண்ணன் எங்கள் வான் சாரதி. முன்பு கொழும்பு பஸ் ஓட்டியவர். முந்துவதற்காகவே பிறவி எடுத்த மனிதர். அவருடைய வானை மாட்டு வண்டி முந்திப் போன ஒரு நாளில், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டார். பாவம்தான்.

மிஸ் வீதித் திணைக்களத்து ஆள் அல்ல. மூலக்கூற்று உயிரியல் ஆராய்ச்சியாளர். கதவில் பட்டங்களோடு நீளமான பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. யாரும் அதை வாசித்ததில்லை. வாயைத் திறந்தால் முதலில் ‘குலுக்காதே’ என்ற சொல்தான் வரும் என்பதால் அதுவே பெயராகி, கடைசியில் தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வந்தார். நான் அவருக்கு ஆய்வு உதவியாளர். படித்தது விலங்கியல், பார்த்தது மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருக்கும் வேலை.

அந்தப் பெட்டிக்குள் இரத்தம் இருந்தது. இரத்தத்துக்குள் மைக்ரோ ஆர்என்ஏ என்ற நுண்ணிய இழைகள் இருந்தன. உயிரணுவுக்குள் ‘அதைச் செய், இதைச் செய்’ என்று கட்டளைகள் ஓடிக்கொண்டே இருக்குமாம். இந்த இழைகள் இடையில் போய் ஒட்டிக்கொண்டு ‘செய்யாதே’ என்று நிறுத்தி வைக்குமாம். தானாக எதையும் உண்டாக்காமல், வேண்டாம் என்று சொல்வதற்கென்றே ஒரு பிறவி. மிஸ் இதை விளக்கி முடித்ததும் சின்னராசா அண்ணன் என் காதுக்குள், “அப்ப மிஸ்ஸும் அதில ஒண்டு” என்றார்.

இரத்தக் குழாயின் உட்சுவர் பழுதுபடத் தொடங்கும்போது இந்த இழைகளில் சில கூடும், சில குறையும். காலில் புண் வருவதற்கு வெகு முன்பே கையில் எடுக்கும் கொஞ்ச இரத்தத்தில் அதன் அடையாளம் தெரியலாம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ள எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் அதைப் பிடிக்க முடியுமா என்பதுதான் மிஸ்ஸின் ஆய்வு. ஆனால் குலுக்கினால் எல்லாம் கெட்டது. சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் இழைகள் வெளியே கொட்டிவிடும். குழாயின் சுவர் சொன்ன மெல்லிய செய்தி அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகும். பிறகு அந்த இரத்தத்தைக் கொட்டத்தான் வேண்டும்.

இதற்காக மிஸ் எங்களுக்கு வைத்த பரீட்சை உலகத்தில் வேறெங்கும் இருக்காது. உன்னிச்சையில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி என் மடியில் வைப்பார். நகரத்துக்கு வந்ததும் மூடியைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். தயிர் வெடித்துத் தண்ணீர் விட்டிருந்தால் சாரதியும் நானும் தோல்வி. முதல் மாதம் முழுக்கத் தோல்வி. தோற்ற தயிரை நாங்களே தின்ன வேண்டும் என்பது தண்டனை. சின்னராசா அண்ணன் பகலில் தயிர், இரவில் தயிர் என்று தின்று வீட்டில் சண்டை வந்ததாகவும் கேள்வி.

கையுறை விடயத்தில் இன்னும் மோசம். மனிதத் தோலில் இருக்கும் ஒரு நொதியம் ஆர்என்ஏயைக் கண்ட இடத்தில் தின்று முடித்துவிடுமாம். ஆய்வுகூடத்தைத் திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் ஒருவர், மாலையும் கழுத்துமாக மேசையைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். மிஸ் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “ஐயா, தொடாதீங்க. உங்கட கை பட்டா இஞ்ச இரிக்கிறது எல்லாத்தையும் தின்டுரும்.” பின்னால் நின்ற யாரோ கைதட்டினார்கள். அந்தப் பெரிய மனிதர் வாக்களித்திருந்த குளிரூட்டி இன்று வரை வரவில்லை.

இனிப் பெட்டியின் கதைக்கு வருகிறேன்.

கிராமத்து ஆட்களிடம் ஒரு முறை இரத்தம் எடுத்தாகிவிட்டது. பிறகு ஒரு நெல் போகம் முழுக்க அவர்களை நடக்க வைத்து, சாப்பாட்டைத் திருத்தி, அதே ஆட்களிடம் இரண்டாம் முறை எடுத்து ஒப்பிட வேண்டும். மற்ற ஊர்கள் முடிந்து பழுகாமம் மட்டும் மிச்சம். ஆய்வுக்கான காலமும் அந்த வைகாசியோடு முடிகிறது. இந்தப் பெட்டி கெட்டால் ஒப்பிடுவதற்கு ஆள் போதாமல் மிஸ்ஸின் அத்தனை வருட உழைப்பும் அரைகுறையாக நின்றுவிடும்.

பழுகாமத்தில் எல்லோரையும் திரட்டித் தந்தவர் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர். சீனி வருத்தத்தில் ஒரு கால்விரலை இழந்தவர். ஊசியைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிடுவார். அன்று காலை எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டிய பிறகு அவர் மிஸ்ஸிடம் சொன்னார்:

“புள்ள, இந்தச் சனம் இனி ஒருக்கா வராது. நான் கேட்டன் எண்டுதான் வந்திரிக்கு. என்ட விரல் போன போக்கு போயிற்று. மத்தவனுக்குப் போகாம இரிக்க ஒரு வழியப் பாரு.”

“ஓம் ஐயா. இது பழுதாகாமப் போய்ச் சேரும்” என்றார் மிஸ். அவர் யாருக்கும் உறுதி கொடுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊரைத் தாண்டியதும் வான் இருமியது. பிறகு புகைத்தது. பிறகு நின்றேவிட்டது. சின்னராசா அண்ணன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டில் நிற்பவரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்க வேண்டும். சுழற்றும் இயந்திரமோ வாவிக்கு அந்தப் பக்கம், ஆய்வுகூடத்தில். அந்த வழியாக ஒருவர் கை உழவு இயந்திரத்தைத் தடதடவென்று ஓட்டி வந்து, “ஏறுங்க மிஸ், சுறுக்கா கொண்டுபோய் விடுறன்” என்று அன்போடு அழைத்தார். அதன் பின்னால் பூட்டிய இழுவைப்பெட்டி குதிக்கிற குதியைப் பார்த்த மிஸ்ஸின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

செய்தி கேட்டு வண்ணக்கர் சைக்கிளில் வந்துவிட்டார். பின்னால் இரத்தம் கொடுத்தவர்களும் வந்தார்கள். தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை உதறி, ஒரு கம்பில் ஏணை கட்டினார்.

“இதுக்குள்ள குலுங்காதா ஐயா?”

“எங்கட புள்ளைகள் எல்லாம் இதுக்குள்ள கிடந்துதான் வளந்தது. துறைக்கு நட புள்ள.”

ஏணைக்குள் குளிர்ப் பெட்டியை வைத்து இரண்டு பேர் கம்பைத் தோளில் எடுத்தார்கள். வெயில் படாமல் ஒருவர் குடை பிடித்தார். முகக்கவசமும் கையுறையும் போட்ட மிஸ், பெட்டியில் ஒரு கையை வைத்தபடி பக்கத்தில் நடந்தார். முன்னால் சின்னராசா அண்ணன் கல்லைக் காலால் ஒதுக்கிக்கொண்டு, ஆடுகளை விரட்டிக்கொண்டு போனார். நான் கடைசியில்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். வைகாசி மாதம். ஊர் ஊராகக் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் காலம். வாயைக் கட்டிப் பூசை செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைத் துணியில் ஒரு பெட்டி, மேலே குடை, பக்கத்தில் வாய் கட்டிய ஒருவர், கூடவே கோயில் வண்ணக்கர். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

முதல் வீட்டு வளவில் நின்ற பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் இறங்கி, செருப்பைக் கழற்றி ஒதுங்கினார்கள். ஒரு அம்மா மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக ஓடி வந்தார். இன்னொருவர் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்திப் பெட்டிக்கு நேரே நீட்டினார்.

“ஐயோ, கிட்டக் கொண்டுவராதீங்க! சூடாகும்!” என்று மிஸ் கத்தினார். கவசத்துக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தை அருள்வாக்காக எடுத்துக்கொண்டு அந்த அம்மா கைகூப்பினார்.

“எந்தக் கோயில் பெட்டி வண்ணக்கர்?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

வண்ணக்கர் பொய் சொல்கிறவர் அல்ல. “கோயில் பெட்டி இல்ல. எங்கட ஊர்ச் சனத்துட ரத்தம். காலும் விரலும் போகாம இரிக்க வழி பாக்கக் கொண்டுபோறம். குலுங்கப்படாது.”

அதைக் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கலையவில்லை. கற்பூரத் தட்டு பின்னுக்குப் போனது. அந்த அம்மா குடத்தை வைத்துவிட்டு, வீதியில் கிடந்த கல்லைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் பொறுக்கினார்கள். வாவித் துறையடி வரை பொறுக்கிக்கொண்டே வந்தார்கள். அந்த மரியாதை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன இழைக்குத்தான்.

துறையில் பாதை நின்றது. எங்கள் வாவியில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். கரையில் இடித்து நிறுத்துவது அதை ஓட்டுபவரின் வழக்கம். அவரிடம் மிஸ் வாய் திறப்பதற்குள் சின்னராசா அண்ணன் முந்திக்கொண்டார். “அண்ணன், அங்கால இடிச்சீங்க எண்டா மறுகா நான் மனிசனா இரிக்க மாட்டன்.” வாவி அன்று எண்ணெய் மாதிரிக் கிடந்தது. மிஸ் பெட்டியை மடியில் வைத்து இருந்தார். உதடுகள் அசைந்தன. பிரார்த்தனை என்று நினைத்துக் கிட்டப் போனேன். தண்ணீரைப் பார்த்து, “குலுக்காதே, குலுக்காதே” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாதை கரையைத் தொட்டது யாருக்கும் தெரியவில்லை. அங்கே பள்ளமில்லாத காபெட் வீதியில், மிஸ் போனில் சொல்லி வரவழைத்த கார் எங்களை நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்த்தது.

இயந்திரம் சுழன்று நின்றது. அணுக்கள் உடைந்திருந்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். மிஸ் முதல் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காய்ந்த வைக்கோலின் நிறம். அடுத்ததும் அப்படியே. ஒவ்வொன்றாகக் கடைசிக் குழாய் வரை பார்த்து முடித்துவிட்டு, மிஸ் தரையில் குந்தியிருந்து அழுதார். நானும் அழுதேன். சின்னராசா அண்ணன் மட்டும் அழவில்லை. கதவுக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்தினார், தடிமன் என்றார்.

மாதங்கள் கழித்து முடிவு வந்ததும், அதைச் சொல்வதற்காகவே மிஸ் பழுகாமம் போனார். கூடிய சனத்தின் முன்வரிசையில் வண்ணக்கர் இருந்தார்.

“எங்கட ரத்தம் என்ன சொல்லிச்சு புள்ள?”

“நடந்த ஆக்களுட ரத்தத்தில சில இழைகள் மாறியிரிக்கு ஐயா. அது ரத்தக் குழாய்க்கு நல்லதா எண்டு இன்னும் உறுதியாச் சொல்லேலா. ஆனா ரத்தம் பேசுது. எங்களுக்கு அது கேட்டிரிக்கு.”

வண்ணக்கர் தன் காலைப் பார்த்தார். “அப்ப நாங்க நடக்கிறம். நீ கேட்டுக்கொண்டே இரு” என்றார்.

திரும்பும்போது மிஸ் பின்சீட்டில் வெறும் பெட்டியில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். வருடக்கணக்கில் தூங்காதவரைப் போன்ற நித்திரை. மடியில் ஒன்றுமில்லாமல் நான் முன்சீட்டில் இருந்தேன். பெட்டிக்குள் ஒரு சொட்டு இரத்தமும் கிடையாது. சின்னராசா அண்ணன் இன்று பறப்பார் என்று கைபிடியை இறுக்கிப் பிடித்தேன்.

வான் ஊர்ந்தது. ஒவ்வொரு பள்ளமாக இறங்கி, ஏறி, ஊர்ந்தது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. சின்னராசா அண்ணன் கண்ணாடியில் மிஸ்ஸை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, லொறிக்காரப் பொடியனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“சத்தம் போடாத மனே. மிஸ் நித்திரை.”