சாம்பார் ருசித்துத் தேர்ந்தெடுத்த சட்டக் கல்லூரி

படித்தவர்கள் ஒரு முடிவெடுக்கப் பத்துப் பேரைக் கேட்பார்கள். நான் யாரையும் கேட்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (நான் அதைக் கைவிட்டேன் என்றும் சொல்லலாம்). கோல் மார்க்கெட்டில் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவ ஆரம்பித்தவன். இன்று டெல்லியில் நாலைந்து அரசு அலுவலகங்களின் கேன்டீன் என் கையில். இங்கேயே துவாரகாவில் சொந்த ஃபிளாட். இதெல்லாம் யாரைக் கேட்டுச் செய்தேன்? ஆகவே என் மகள் நித்யா சட்டம் படிக்கப்போகிறேன் என்றபோது, எந்தக் கல்லூரி என்பதையும் நானே முடிவு செய்யலாம் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பே இல்லை. நடந்ததில்தான் கொஞ்சம் இருந்தது.

என் மனைவி செல்வி போட்டது ஒரே நிபந்தனை: "புள்ள டெல்லியத் தாண்டக் கூடாது." குர்கான் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அது ஹரியானா. நொய்டா உ.பி. இரண்டும் அவளுக்கு அமெரிக்கா மாதிரி. தவிர, டெல்லியில் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு இங்கேதான் அதிக இடம். ஆக, டெல்லிக்குள் இருக்கும் சட்டக் கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கி ஆன்லைனில் கொடுக்க வேண்டும். வரிசையில் ஒரு கல்லூரி மேலே கீழே போனால் நித்யாவுடைய ஐந்து வருஷமும் அதோடு போகும். அந்த நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் கெட்டது.

நித்யாவுக்கு வடக்கு டெல்லியில் ஒரு பழைய கல்லூரி மேல் ஆசை. நூலகம், மாதிரி நீதிமன்றம் என்று என்னென்னவோ சொன்னாள். எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. கேன்டீன் பார்க்கத் தெரியும். சாம்பார் ஒழுங்காக இருக்கும் இடத்தில் நிர்வாகமும் ஒழுங்காக இருக்கும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லூரியாகப் போய்ச் சாப்பிட்டேன். அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் சாம்பாரில் சர்க்கரை! கடைசி இடத்துக்குத் தள்ளினேன். தெற்கே ஒரு புதுக் கல்லூரியில் சேலத்துக்காரர் ஒருவர் கேன்டீன் நடத்தினார். வடை மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதற்கு முதல் இடம்.

"அப்பா, நான் லா படிக்கப் போறேன். லஞ்ச் சாப்பிட இல்ல."

"வயிறு காஞ்சவ என்னத்த வாதாடுவா? நான் சொல்றதப் போடு."

போட்டாள். சண்டை வேண்டாமென்று போட்டுவிட்டு, கடைசி நாளில் தன் வரிசையை ஏற்றிக்கொள்ளலாம் என்று அம்மாவோடு பேசி வைத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. "கடைசியா உறுதி பண்ண ஒரு ஓ.டி.பி. வரும்ப்பா, அஞ்சு மணிக்குள்ள கேப்பேன், சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். (என் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்று அடம் பிடித்தது யார் என்று கேட்காதீர்கள்.)

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சில வாரங்களுக்கு முன் எங்கள் ஃபிளாட் சொசைட்டியில் போன் மோசடி பற்றி ஒரு கூட்டம். மேடையேறி முழங்கியது அடியேன். "கம்ப்யூட்டர்ல உங்க மக குரலையே செஞ்சுடறான், ஏமாறாதீங்க!" என்று ஹிந்தியில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தேன்.

அந்தக் கடைசி நாள் கேன்டீனில் எனக்கு வேலையே ஓடவில்லை. போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தை நெருங்கும்போது ஓ.டி.பி. வந்தது. உடனே ஒரு அழைப்பும் வந்தது. தெரியாத நம்பர்.

"அப்பா! ஓ.டி.பி. பதாவோ, ஜல்தி! சீக்கிரம் சொல்லுங்க!"

"யாரு?"

"அர்ரே, நான் நித்யா பேசறேம்ப்பா! கரன்ட் போயிடுச்சு. என் போன் டெட். பக்கத்து ஃபிளாட் மல்ஹோத்ரா ஆன்ட்டி போன்லேர்ந்துதான் எல்லாம் பண்றேன்."

போன் டெட், வேறு நம்பர், அவசரம். மேடையில் நான் சொன்ன அத்தனை அடையாளமும் வரிசையாக வந்தன.

"என் பொண்ணுன்னா நம்ம குலதெய்வம் பேரச் சொல்லு."

"அப்பா, டைம் இல்ல!"

"பேரு!"

"அது... கையில அருவா வச்சிருப்பாரே... பெரிய மீசை... அந்த அங்கிள்!"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சோணைக்கருப்பரை அங்கிள் என்கிறவள் என் மகளாக இருக்க முடியுமா?

"வை போனை! என் பொண்ணு கூப்பிடுவா, லைன விடு!"

அந்த நம்பரை பிளாக்கும் செய்தேன். பரிமாறிக்கொண்டிருந்த பையன்களைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்தேன். பிறகு காத்திருந்தேன். மகள் கூப்பிடவில்லை. செல்விக்குப் போட்டால், கோயிலில் இருந்தவள் எடுக்கவில்லை. ஐந்து அடித்தது.

கரன்ட் வந்த பிறகுதான் நித்யாவின் சொந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. "அப்பா" என்றாள். அதற்கு மேல் அழுகை. இத்தனை வருஷம் அடுப்புச் சூட்டில் நின்றவன் நான்; அன்றுதான் எனக்கு உண்மையில் வேர்த்தது. ஓ.டி.பி. இல்லாமல் அவள் மாற்றிய வரிசை ஏறவில்லை; ஐந்து மணிக்கு என்னுடைய சாம்பார் வரிசையே தானாகப் பூட்டிக்கொண்டுவிட்டது.

தெற்குக் கல்லூரியே கிடைத்தது. அவளுடைய ரேங்குக்கு அந்தப் பழைய கல்லூரியும் கிடைத்திருக்கும் என்று பிறகு தெரிந்தது. நித்யா அதை ஒரு தரம்கூடச் சொல்லிக்காட்டவில்லை. (அவள் பங்குக்கும் சேர்த்து செல்வி சொல்கிறாள்.) வகுப்பு தொடங்கிய அன்று மகள் போன் செய்தாள்: "அப்பா, உங்க சேலத்து அங்கிள் கான்ட்ராக்ட் முடிஞ்சு போயிட்டாரு. இப்ப இங்க மோமோதான்."

அன்றிலிருந்து தினமும் நான்தான் சாப்பாடு கொண்டுபோகிறேன், அவளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் சேர்த்து. போன மாதம், மாதிரி நீதிமன்றப் போட்டியில் கோப்பை வாங்கினாள். (கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது யார்?)

போன வாரம் கேரியரோடு கல்லூரி வாசலில் நிற்கிறேன், என் போனில் சார்ஜ் இல்லை. காவலாளியின் போனை வாங்கிக் கூப்பிட்டேன்.

"நித்யா, அப்பா பேசறேன். கேட்ல நிக்கறேன், வா."

"தெரியாத நம்பரா இருக்கே. எங்க அப்பான்னா குலதெய்வம் பேரச் சொல்லுங்க."

"சோணைக்கருப்பர்."

"தப்பு. லைன விடுங்க, எங்க அப்பா கூப்பிடுவாரு."

சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் கருப்பரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"மீசை வச்ச அங்கிள்."