மாமியார் வீட்டை வெட்டிய பறவை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்த பறவைகள் இரண்டு: காகம், கோழி. (கோழியைக்கூடத் தட்டில் பார்த்தால்தான் சட்டென்று அடையாளம் தெரியும்.) இந்த அறிவை வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதற்காக, நான் பறவைப் பிரியன் என்று பொய் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கம். குனோங் ராபாட்டில் வாடகை அறை, ஈப்போவில் குமாஸ்தா வேலை, இருபத்தைந்து வயது, உடம்பெல்லாம் கவிதை. நான் விரும்பிய மாலதியின் அம்மா ராஜம் டீச்சர் சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கணவர் இல்லை. பள்ளி விடுமுறை விட்டால் போதும், கால்சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு கேமராவோடு காட்டுக்குள் போய்விடுவார். தோட்டத்தில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. அவர் முகத்துக்கு நேராகப் பேசிய வாயும் இல்லை.

பெண் கேட்டுப் போன அன்று, காப்பி ஆறுவதற்குள் விசாரணை ஆரம்பித்தது.

“தம்பிக்குப் பறவைங்கன்னா பிடிக்கும்னு மாலதி சொன்னிச்சு?”

“உயிரு, டீச்சர்.”

“அப்ப சனிக்கிழமை வாங்க, காட்டுக்குப் போலாம். திரும்பி வந்து என் முடிவச் சொல்றேன்.”

கதவுக்குப் பின்னால் மாலதி தலையில் கைவைத்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரிந்தது.

எங்களைக் கூட்டிப்போனவர் கோபால் அண்ணன். முன்பு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு, காடு பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதே அவர் பிழைப்பு. விடியுமுன் அவருடைய பழைய ஜீப்பில் கிளம்பினோம். டீச்சர் ஆறு வருடமாகத் துரத்திக்கொண்டிருந்த பறவை ஒன்று உண்டாம். பெரிய அலகு, தலையில் கொம்பு. மலாய்க்காரர்கள் அதைத் தெபாங் மெந்துவா என்பார்கள், ‘மாமியாரை வெட்டு’ என்று அர்த்தம்.

“தன் மாமியாரப் பிடிக்காத மருமவன் ஒருத்தன், அவ வீட்டுக்குள்ள இருக்கறப்பவே வீட்டுத் தூணுங்கள கோடாலியால வெட்டிச் சாச்சுட்டுச் சிரிச்சானாம்” என்றார் கோபால் அண்ணன், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே. “அவந்தான் பறவையாப் போயிட்டான். கூவுறப்ப மொதல்ல வெட்டுற சத்தம், அப்புறம் சிரிப்பு.”

“கேட்டிருக்கேன்” என்றேன். (கேட்டதில்லை.) வருங்கால மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் அந்தக் கதைக்குச் சிரிக்கலாமா கூடாதா என்ற குழப்பத்தில் இருமினேன்.

கடைசிச் செம்பனை வரிசை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

“உள்ள போயிட்டா யாரும் யாரையும் பேர் சொல்லக்கூடாது. உங்க பேர யாராச்சும் கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதீங்க தம்பி. மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுசன். ஒண்ணு ரெண்டோட நின்னுச்சுன்னா அது வேற.”

“கோபாலு, நான் அறிவியல் வாத்தியாரு. என் முன்னாடியேவா?”

“உங்களுக்கில்ல டீச்சர். தம்பிதானலா புதுசு.”

நான் பகுத்தறிவோடு புன்னகைத்தேன். (அந்தப் புன்னகை சுமார் நாற்பது நிமிடம் தாங்கியது.)

அந்தக் காட்டை எப்படிச் சொல்வது? வெளிச்சம் அங்கே மேலிருந்து விழவில்லை. இலைகளுக்குள்ளிருந்து பச்சையாகக் கசிந்தது. பூச்சிகளின் இரைச்சல் நாங்கள் நடக்கும்போது நின்றது, நாங்கள் நின்றால் தொடங்கியது. யாரோ எங்கள் அடிகளை எண்ணிக்கொண்டிருப்பதுபோல். அட்டைகள் என் காலுறைக்குள் குடியேறின. பிறகு மரங்கள் சட்டென விலகி ஒரு சதுப்பு வந்தது. பட்டுப்போன வெள்ளை மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. அவற்றின் தலைகளைப் பனி தின்றிருந்தது. அக்கரையில் காய்த்துக் குலுங்கிய ஓர் அத்திமரம். பறவை அதற்குத்தான் வருமாம்.

கரையில் ஓலையால் இரண்டு மறைவிடங்கள் கட்டியிருந்தார் அண்ணன். ஒன்றில் நான். முப்பது காலடி தள்ளி மற்றொன்றில் டீச்சர். தன் இரண்டாவது கேமராவை என் கழுத்தில் மாட்டி, “பிளாஷ் பக்கம் மட்டும் கை போகக்கூடாது தம்பி. வெளிச்சம் பட்டா அது இந்தப் பக்கமே வராது” என்றார். கோபால் அண்ணன் அத்திமரத்தடியைப் பார்த்து வரச் சுற்றிக்கொண்டு போனார். பனி என் ஓலைவாசல் வரை வந்து நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரம் அங்கே ஈரமாகித் துணிபோல் தொங்கியது.

“சேகர்...”

தண்ணீரின் மேலிருந்து வந்தது. குரலென்றும் சொல்ல முடியாது, மூச்சென்றும் சொல்ல முடியாது. அதுவரை அங்கே எல்லாருக்கும் நான் தம்பிதான். என் பெயர் தெரிந்த ஒன்று சதுப்புக்குள் இருந்தது.

வாயைத் திறக்கவில்லை. எண்ணினேன். ஒன்று.

பனி அசைந்தது. ஏதோ தளும்பியது.

“சேகர்...”

இரண்டு. இன்னும் கொஞ்சம் அருகில். மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். வாழ்க்கையில் எதற்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. வரவில்லை. அதற்குப் பதிலாக, தலைக்கு மேலே, டொக் என்று ஒரு சத்தம். இடைவெளி. டொக். டொக். யாரோ மரத்தை வெட்டுகிறார்கள். வெட்டு வேகமெடுத்தது, இன்னும் வேகமெடுத்தது, பிறகு உடைந்து காடு முழுக்கச் சிரித்தது. ஜீப்பில் கேட்ட கதை அப்போதே ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் மூளையோ எனக்கு முன்பே ஓட ஆரம்பித்திருந்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பனி விலகியது. நீரிலிருந்து ஒரு கரிய உருவம் இடுப்புவரை எழுந்து நின்றது. தலையில் பாசி, முகமெல்லாம் சேறு. ஒரு கையை மட்டும் உயர்த்தி என்னை நோக்கி ஆட்டியது. அலறினேன். என் விரல் எதையோ அழுத்தியது. பளீரென்று சதுப்பே வெள்ளையானது. மேலே பெரிய சிறகுகள் புயல்போல் அடித்துக்கொண்டு விலகின. நான் ஓடினேன், நேராகக் கோபால் அண்ணனின் வயிற்றில் போய் முட்டும்வரை.

“அண்ணே, மோகினி! இடுப்பளவு!”

அவர் எட்டிப் பார்த்தார். “அடப்பாவி, அது டீச்சர்லா!”

அதற்குள் நெஞ்சுவரை இறங்கியிருந்தவரை அண்ணன் ஒரு கொடியைப் போட்டு இழுத்தார். நான் அண்ணனை இழுத்தேன். நல்ல கோணம் தேடி நகர்ந்த டீச்சர், மிதக்கும் புல்லைத் தரையென்று நம்பி மிதித்திருக்கிறார். பறவை வரும் சிறகொலி கேட்டதால் சத்தம் போடவில்லை. அது மிரண்டுவிடக் கூடாதென்று, மூழ்கிக்கொண்டே, மெல்லக் கூப்பிட்டிருக்கிறார்.

ஜீப்புக்குத் திரும்பி நடந்தோம். கல்யாணம் முடிந்தது, நடக்காமலே, என்று நினைத்தேன். ஆறு வருடப் பறவையை விரட்டியாயிற்று. மாமியாரை மூழ்க விட்டாயிற்று. படமும் எடுத்தாயிற்று. டீச்சர் என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஓடுறதுக்கு முன்ன லென்ஸ் மூடிய மாட்டுனீங்களா?”

“ஞாபகமில்ல, டீச்சர்.”

சேற்றுமுகம் விரிசல் விட்டது. சிரிக்கிறார். “பாரு கோபாலு! பேய் வருதுன்னு ஓடுற மனுசன் மூடிய மாட்டிட்டு ஓடியிருக்காரு. என்னைய விட்டாரு, கேமராவ விடல!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பொருளப் பாத்துக்குவாரு. மனுசங்களப் பாத்துக்க மாலதி சொல்லிக் குடுக்கட்டும். தேதி பாக்கலாம்.”

உயிர் வந்த தெம்பில் நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். “ரெண்டு தடவதான் கூப்பிட்டீங்க டீச்சர். மூணாவது வந்திருந்தா கண்டிப்பா...”

“ரெண்டா? நான் ஒரு தடவதான் கூப்பிட்டேன்.”

நான் கோபால் அண்ணனைப் பார்த்தேன். “என்னைப் பாக்காதீங்க தம்பி” என்றவர், சேற்றுக் கையோடு அப்படியே வண்டியைக் கிளப்பினார்.

அந்தப் படத்தைக் கழுவிப் பெரிதாக்கி, தான் எடுத்த பறவைகளின் வரிசையில் மாட்டினார் டீச்சர், இப்போது என் அத்தை. அடியில் அழகான பள்ளிக்கூடக் கையெழுத்தில் ‘அரிய வகை’ என்று எழுதியிருக்கிறார். கல்யாணத்தன்று மச்சான் முறைக்காரன் ஒருவன் ஒலிபெருக்கியைப் பிடித்து, “மாப்பிள்ளை சேகர், சேகர், சேகர்!” என்று கூப்பிட, மண்டபமே கைதட்டியது. அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. சாப்பாடு போட்டாலும் தொலைபேசி வந்தாலும் எங்கள் வீட்டில் என்னை யாரும் ஒருமுறை கூப்பிடுவதில்லை. பிள்ளைகளுக்கும் அதுதான் பழக்கம். மூன்று முடிந்ததும் ஒரு சிரிப்பு.

நானும் ஒழுங்காக எண்ணிக்கொண்டு, மூன்றானதும் எழுந்துபோகிறேன். மழைக்காலத்தில் எப்போதாவது நாலாவது ஒன்றும் கேட்கிறது. அதற்கு நான் வாயைத் திறப்பதில்லை.