குடும்ப நலப் பிரிவுத் தலைவரின் பாதிக் கூடு

ஒரு காட்டில் நிதி நிறுவனம் ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்கு நிதி நிறுவனம் என்று நீங்கள் கேட்கலாம். காட்டில் இருந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் அவர்களுடைய தானியமெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

நிறுவனத்தின் மேனேஜர் ஒரு நரி. அதனிடம் கதிரேசன் என்ற தூக்கணாங்குருவி வேலை பார்த்தது. யாருடைய தானியத்தை எந்த வயலில் போட்டால் பெருகும் என்று கணித்துச் சொல்ல வேண்டும். விடிந்ததும் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழும்.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடும். பெண் குருவி வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதியைக் கட்டும். ஈச்சமரத்தில் தொங்கிய கதிரேசனின் பாதிக் கூட்டை மரகதம் என்ற பெண் குருவி பார்க்க வந்தது. கூட்டின் நார்களை இழுத்துப் பார்த்தது. உள்ளே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தது.

"பிடிச்சிருக்கு. ஆனா மழைக்கு முன்னாடி கீழே தொங்குற வாசல் குழாயைக் கட்டி முடிச்சிடுங்க. முட்டையை வச்சுக்கிட்டு என்னால காக்காவோட மல்லுக்கட்ட முடியாது" என்றது.

கதிரேசனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் லீவு கிடைத்தால் கூடு முடிந்துவிடும்.

"வயித்தால போகுதுன்னு சொல்லுப்பா" என்றது பக்கத்து இருக்கைக் கீரி. "நரி மறுகேள்வி கேட்காது. நான் வருஷா வருஷம் அப்படித்தான் ஊருக்குப் போறேன்."

"பொய் சொல்லி லீவு எடுக்கிறது என் கொள்கைக்கு ஒத்து வராது."

கீரி அதைப் பரிதாபமாகப் பார்த்தது.

கதிரேசன் நேராக நரியின் அறைக்குப் போனது. "சார், கூடு பாதியில நிக்குது. எனக்கு வேலையைவிடக் குடும்பம்தான் பெருசு. ரெண்டு நாள் லீவு வேணும்."

நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "இப்படி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம் கதிரேசன். இன்னியிலேர்ந்து நீங்கதான் நம்ம குடும்ப நலப் பிரிவுக்குத் தலைவர்."

லீவைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை. பழைய வேலையும் அப்படியே இருந்தது. அது முடிந்ததும் தினமும் சாயங்காலம் ஓர் ஊழியர் கூட்டத்தில் பேச வேண்டும். தலைப்பு: 'நேரத்தோடு வீடு திரும்புவோம்'. கதிரேசன் தன் பாதிக் கூட்டின் படத்தைத் திரையில் போட்டு உருக்கமாகப் பேசியது. முயல்கள் விம்மி அழுதன. கேள்வி நேரத்தில் முள்ளம்பன்றி மட்டும், "சார், நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டது. அதை அடுத்த கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

மரகதம் போன் செய்தது. "வானம் கறுத்துருச்சுங்க. காக்கா வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகுது."

"இந்தக் கூட்டமெல்லாம் முடிஞ்சதும் வந்துடறேன்மா. உன்னைப் பத்தித்தான் எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டிருக்கேன்."

"எல்லார்கிட்டயும் பேசுறீங்க, சரி. நான் எங்க உட்காருறது?"

முதல் மழை கொட்டிய அன்று நிறுவனம் கதிரேசனுக்கு விருது கொடுத்தது. தங்க முலாம் பூசிய குட்டிக் கூடு. வாசல் குழாய்கூடக் கச்சிதமாக இருந்தது. முட்டை மட்டும் நுழையாது.

கதிரேசன் அதைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி பறந்தது. ஈச்சமரத்தில் பாதிக் கூடு ஒழுகிக்கொண்டிருந்தது. மரகதம் எதிர்மரத்தில் முழுக் கூட்டுக்குள் இருந்தது. அதைக் கட்டியது ஒரு வேலைவெட்டி இல்லாத குருவி. மரகதம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. கதிரேசன் விருதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதது.

அப்போது நரியின் போன் வந்தது.

"கேள்விப்பட்டேன் கதிரேசன். மனசு கேட்கல. சரி, இனிமே ஞாயித்துக்கிழமையும் ஃப்ரீதானே?"

நீதி: வாய்மை உயர்ந்தது, குடும்பம் அதனினும் உயர்ந்தது. லீவு வேண்டுமென்றால் வயிற்றுப்போக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.