கொதிக்கும் முன் கிளறிய அடோபோ

சான் பாப்லோ,
திங்கட்கிழமை

ஹாங்காங்கில் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்று நம் வீட்டைத் தாங்கும் லியோனிலாவுக்கு, கணவன் ஹெர்மினியோ எழுதுவது. நானும் மகள் ஜோவெலினும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம்.

நேற்று பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஆர்வினின் அம்மா தியோடோரா பம்பாங்காக்காரி. அந்த ஊர்க்காரர்கள் தட்டைப் பார்த்தே குடும்பத்தை எடைபோட்டுவிடுவார்கள். நீ சொன்னபடியே அடோபோவுக்குப் பன்றிக்கறி, பூண்டு, மிளகு, சோயா எல்லாம் போட்டு வினிகரை ஊற்றிவிட்டு, கரண்டியை அலமாரி மேல் ஒளித்தே வைத்தேன். கொதிக்கும் முன் கிளறினால் வினிகரின் பச்சை வாடை போகாது என்று கல்யாணமான நாளிலிருந்து திட்டுகிறாயே, மறக்குமா? கொல்லையில் கோழி கத்துகிறதே என்று போய்த் திரும்பினால், சட்டிக்குள் கரண்டி நிற்கிறது! ஒத்தாசைக்கு வந்திருந்த, பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா பசிட்டா வேலைதான் இது என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள் தேவமாதா மேல் சத்தியம் பண்ணி அழுதாள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம்.

ஜோவெலின் முகம் வெளிறிப்போய், “விடுங்கப்பா, பிடிக்கலேன்னா சாப்பிடாம போகட்டும்” என்றாள். பாவம், பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன். விடுவேனா? அழுத அக்காவையே தேங்காய் துருவ உட்கார்த்தி, கெட்டிப் பால் பிழிந்து ஊற்றி, மூடாமல் கொதிக்க விட்டேன். அதுவரை கூடத்தில் போய் மழையைப் பேசினேன், செத்துப்போன மாமாக்களையெல்லாம் பேசினேன். ஆர்வினின் அப்பா பசியில் மேஜைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் பரிமாறியாயிற்று. தியோடோரா ஒரு துண்டை வாயில் வைத்தாள். மெல்லுகிறாள், மெல்லுகிறாள், மென்றுகொண்டே இருக்கிறாள். பிறகு தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் போடுங்க சம்பந்தி” என்றாள். சம்பந்தி என்றாளே, லியோனிலா! எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜோவெலினும் அழுதாள். ஜனவரியில் கல்யாணம், இப்போதே லீவு கேட்டு வை. அக்காவிடம் மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது, கிளறியது அவள்தான்.

தேவமாதா உன் முழங்காலையும் உன் எஜமானியின் குணத்தையும் சீராக்கட்டும்.

உன்
ஹெர்மினியோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஜோவெலின் வாங்கிப் படித்தாள். “கிளறினது நான்தான்ப்பா. ஆர்வின் நல்லவன்தான், ஆனா எனக்கு வேண்டாம். முகத்துக்கு நேரா சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அவங்களே எழுந்து போயிடுவாங்கன்னு பார்த்தேன், நீங்க பால ஊத்திக் கெடுத்துட்டீங்க” என்கிறாள். வேண்டாமென்று சொல்ல என் மகள் ஒரு சட்டிக் கறியை நம்பியிருக்கிறாள், என்னை நம்பவில்லை. லீவு கேட்காதே. அக்காவுக்கு ஒரு கிண்ணம் கறி கொடுத்தனுப்பிவிட்டேன், அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. மீதி அடோபோவோடு தியோடோரா வீட்டுக்குக் கிளம்புகிறேன். வெறுங்கையோடு போய் இதைச் சொல்ல எனக்கும் கூச்சமாக இருக்கிறது.