பள்ளம் விழுந்த தலையணை

"மதினி, கொஞ்சம் தள்ளி நில்லுங்களே. அந்த லாச்சியையும் பாத்துருவம்."

ஸபியா தள்ளி நிற்கவில்லை. தையல் மேசையில் இழுத்துத் திறக்கும் மூன்றாவது லாச்சிக்கு முதுகைக் கொடுத்து, அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டியபடி நின்றாள்.

"இதுல ஒண்டும் இல்ல றிப்னா. பழைய கடதாசி."

"பழைய கடதாசி எண்டா எறியிற குவியலுக்கு."

"எறியிற கடதாசி இல்ல. வெக்கிற கடதாசி."

ஸபியாவின் கணவன் ஹிஷாமுக்கு றிப்னா ஒரே தங்கை. கேகாலையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். கையில் உடுப்புப் பை இல்லை. மூன்று வெற்று உரப்பைகள், லேபிள் சுருள் ஒன்று, கறுப்புப் பேனை ஒன்று. ஃபோனில் யார் யாரோ அலுமாரி ஒதுக்கிச் சுத்தம் செய்வதைப் பார்த்துப் பார்த்து வந்த வியாதி அது. தன் வீட்டை ஒதுக்கி முடித்து, மாமியார் வீட்டையும் ஒதுக்கி அவரோடு பேச்சு வார்த்தை இல்லாமலாகி, இப்போது நானா ஹிஷாமின் வீட்டுத் தையல் அறைக்கு வந்திருந்தாள். அவளுடைய சட்டம் சுருக்கமானது. வைப்பது ஒரு குவியல், கொடுப்பது ஒரு குவியல், எறிவது ஒரு குவியல். ஒரு வருடமாகக் கை படாத எதுவும் முதல் குவியலில் இருக்கக் கூடாது.

ஒதுக்க வேண்டிய அறைதான், அதை ஸபியாவும் மறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடத் தையல் அங்கே நான்கு சுவரையும் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஜாம் போத்தல் நிறையப் பட்டன், ஐஸ்கிரீம் டப்பாவில் ஹூக்கு, யாருக்குத் தைத்தோம் என்றே மறந்துபோன ஒரு சட்டைக் கை, கதவைத் திறந்தால் சரிந்து விழும் லைனிங் துணி. ஒரு தடவை அடுத்த வீட்டுப் பூனை உள்ளே போய் இரண்டு நாள் கழித்து வேறு ஜன்னலால் வெளியே வந்தது.

ஆனால் ஏன் இன்றைக்கு? ஸபியாவை அரித்தது அந்தக் கேள்விதான்.

மூன்று நாளைக்கு முன் மர்லியா வந்து போயிருந்தாள். ஹாட்வெயார் கடைக்காரர் வீட்டு மர்லியா. கேகாலையில் இருக்கும் அவளுடைய தாத்தா, அதாவது அக்கா, மைமூனா தன் மகள் கல்யாணத்துக்குத் தோழிப் பிள்ளைகளின் கவுனுக்காகப் பிஸ்தாப் பச்சையில் பொன் பூப் போட்ட துணி எடுத்து, தங்கையிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். மர்லியாதான் அதைக் கொண்டுவந்து தந்து, தைத்ததும் வாங்கிப் போனவள். வாங்கிப் போய் ஒரு வாரம் கழித்து வந்து நிற்கிறாள்.

"ஸபியா, அந்தத் துணி ஏதும் மிஞ்சிச்சா? தாத்தா கேக்கிறா."

"நூல் கூட மிஞ்சல்ல."

நூல் மிஞ்சவில்லை என்பது உண்மை. துணிதான் மிஞ்சியிருந்தது, ஒரு முழம். அது மூன்றாவது லாச்சியில் இருந்தது. வெட்டித் தைப்பவர்கள் ஒரு முழம் வைத்துக்கொள்வது உலகத்தில் உள்ளதுதான். ஆனால் இல்லை என்று வாயால் சொல்லிவிட்ட பிறகு அந்த ஒரு முழத்தின் பெயர் வேறு. மணப்பெண்ணின் உடுப்பை மைமூனா இன்னும் யாரிடமும் தைக்கக் கொடுக்கவில்லை. பசாரில் புதிதாக இரண்டு பேர் போர்டு போட்டுத் தைக்கிறார்கள். ஸபியாவிடம் போர்டு கிடையாது. சுத்தமான கை என்ற பெயர் மட்டும்தான் போர்டு.

மர்லியா அன்றைக்குப் போகும்போது வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "நல்லாத் தேடிப் பாருங்க. மிஞ்சி ஈந்தா எனக்கு மட்டும் சொல்லுங்க, தாத்தாட்ட சொல்ல வாணாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவான குரலை ஸபியா மூன்று நாளாக மனதில் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது றிப்னா. கேகாலையில் மைமூனா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவள் இருக்கிறாள். கூப்பிடாமல் வந்திருக்கிறாள். லாச்சியைக் கேட்கிறாள். அனுப்பிய ஆள் யாரென்று ஸபியா மனதில் ஏற்கெனவே எழுதி ஒட்டிவிட்டாள்.

"றிப்னா, ஒங்கட பக்கத்து வீட்டு மைமூனா தாத்தா சுகமா?"

"சுகம் மதினி. இன்டைக்கு இந்தப் பக்கம் வாரதாச் சொன்னா."

ஸபியா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள்.

றிப்னா பட்டன் போத்தல்களைத் தூக்க ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில், துணியை எடுத்து மெசின் மூடிக்குள் திணித்தாள். ஐந்து நிமிடத்தில் றிப்னா, "மெசினுக்கு எண்ணெய் விடுவம்" என்று மூடியில் கை வைத்தாள். அதற்குள் துணி, இஸ்திரி போடும் மெத்தையின் அடியில் போயிருந்தது. பிறகு றிப்னா, "இந்த மெத்தையக் கழுவணும், நாத்தம்" என்றாள். துணி ஸபியாவின் சட்டைக்குள் போயிற்று. பொன் இழைப் பூ குத்தியது. நடந்தால் கரகரவென்று சத்தம் வந்தது.

"மதினி, ஒங்கள்ட்ட என்னமோ சத்தம் வருது."

"முழங்கால் தேய்மானம்."

"முழங்கால் சத்தம் மேல ஈந்தா வருது?"

"சத்தம் மேல ஏறுமே."

மெசின் கதிரையில் உட்காருவதற்குப் போட்டிருந்த தலையணை அப்போதுதான் கண்ணில் பட்டது. நீலக் கோடு போட்ட உறை. வருடக் கணக்காக உட்கார்ந்ததில் நடுவில் பள்ளம் விழுந்தது. கதிரையை எப்படியும் யாரும் எறியப் போவதில்லை. றிப்னா குப்பை கொட்டக் கொல்லைக்குப் போன இரண்டு நிமிடத்தில் ஓரத்தைப் பிரித்து, பஞ்சுக்கு நடுவே துணியைச் சொருகி, மெசினில் ஒரே ஓட்டாக ஓட்டி மூடினாள். அந்த அவசரத்திலும் தையல் நூல் பிடித்தது போல் நேராக வந்தது. அதில் அவளுக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை.

நிம்மதியாகக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். இரண்டு கோப்பையோடு திரும்பி வந்தபோது அறை பளிச்சென்று இருந்தது. நூல்கட்டைகள் நிறம் நிறமாக நின்றன. இழுத்து மூடும் சிப் எல்லாம் நீளப்படி தொங்கின. ஒவ்வொரு டப்பாவிலும் லேபிள். கதிரையில் மடித்த போர்வை ஒன்று.

"தலகாணி எங்க?"

"பள்ளமாப் போன தலகாணி, மதினி. இடுப்புக்குக் கூடாது. குடுக்கிறதுக்குப் போட்டன்."

"குடுக்கிற குவியல் எங்க?"

"போய்ட்டுதே. மேல் தோட்டத்துல மண் சரிஞ்சி பதினோரு குடும்பம் லயத்து வீடுகள விட்டு வந்து ஸ்கூல்ல ஈக்காங்க. அவங்களுக்குச் சாமான் சேக்கிறாங்க எண்டு சொன்னாங்க. சம்சுதீன் நானாட த்ரீவீல்ல ஏத்தி அனுப்பிட்டன்."

"எங்க சேக்கிறாங்க?"

"மர்லியா வீட்டுல."

தேத்தண்ணி இரண்டு கோப்பையும் மேசையில் அப்படியே நின்றன.

ஸபியா குடையில்லாமல் இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது, ரப்பர்க் காட்டுப் பாதை வழுக்கியது. பின்னால் றிப்னா குடையோடு ஓடி வந்தாள்.

"மதினி, குடுத்தத் திருப்பி எடுக்கிறது சட்டத்துக்கு மாறு."

"ஒண்ட சட்டத்த ஒண்ட மாமிட்ட சொல்லு."

மர்லியா வீட்டு முன் மண்டபத்தில் ஊர்ச் சாமான் எல்லாம் குவிந்து கிடந்தது. சட்டி, போர்வை, பிள்ளைகளின் சப்பாத்து. ஒரு மூலை நிறையத் தலையணை. அத்தனையும் நீலக் கோடு. இந்தக் கரவனெல்லை ஊரில் தலையணை என்றால் கபூர் கடைத் தலையணைதான் என்பதை ஸபியா மறந்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பள்ளம் வேறு.

நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவள் மைமூனா.

"ஆ, டெய்லர் தங்கச்சியும் வந்துட்டாங்க. நல்லதாப் போச்சி. ஒங்களத்தான் பாக்க வந்த." மைமூனா சிரித்தாள். ஸபியாவுக்கு அந்தச் சிரிப்பில் நீதிமன்றம் தெரிந்தது. "துணி சங்கதி ஒண்டு கேக்கணும்."

"கேக்கலாம் தாத்தா. முதல்ல இந்தத் தலகாணியள அடுக்கிக் குடுத்துட்டு வாரன். ஸவாபு, நன்மை கெடைக்கிற வேல."

மூலையில் குந்திக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். பஞ்சு. பஞ்சு. பஞ்சோடு ஒரு பிள்ளையின் விளையாட்டுக் கார். குவியலுக்குச் சற்று விலகிச் சுவரோரம் ஒன்று கிடந்தது. அமுக்கினாள். கரகரவென்றது.

அதை மார்போடு அணைத்தபோது மர்லியா குசினிக் கதவில் வந்து நின்றாள். தலையணையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அத வையுங்க ஸபியா."

"இல்ல மர்லியா, இது பழசு. நான் கொண்டு போய்ப் புதுசு ஒண்டு அனுப்பறன்."

"வாணாம். அதுல மூட்டப்பூச்சி."

"நான் வெயில்ல போடறன்."

"வெயில் எங்க, மழ பெய்யிது." மர்லியா ஒரு முனையைப் பிடித்தாள். தெரிந்துவிட்டது, தாத்தாவின் முன்னாலேயே பிரித்துக் காட்டப் போகிறாள் என்று ஸபியா நினைத்தாள். விடவில்லை. மர்லியாவும் விடவில்லை. மைமூனா கதிரையைச் சற்று முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அனே, ரெண்டு பேருக்கும் பிஸ்ஸா, பைத்தியமா?" என்றாள். "ஒரு தலகாணிக்கு?"

அந்த நேரம் தையல் விட்டது. ஓரம் கோணல் மாணலாகப் பிரிந்து வந்தது. பதட்டத்தில் இவ்வளவு மோசமாகவா தைத்தேன் என்று அந்த நிலையிலும் ஸபியாவுக்கு வெட்கமாக இருந்தது. இலவம் பஞ்சு மண்டபம் முழுக்கப் பறந்து, கடைசியில் பிஸ்தாப் பச்சை வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வைத்ததாகத்தான் ஞாபகம். தரையில் இரண்டு மீட்டராவது கிடந்தது. பயத்தில் களவும் பெருத்துத் தெரியும் போல.

மைமூனாவின் முக்காட்டில் பஞ்சு உட்கார்ந்தது.

"இது எண்ட துணி" என்றாள் அவள், நிதானமாக.

மர்லியா வாயைத் திறந்தாள். "தாத்தா, அது வந்து, நான்..."

"நான்தான் எடுத்த" என்றாள் ஸபியா.

மர்லியா வாயை மூடினாள்.

"நான்தான் தாத்தா. மிஞ்சின துணி. இல்லண்டு பொய் சொன்ன. இருவத்திரெண்டு வருசத்துல ஒருத்தரும் எண்ட கையில குத்தம் சொன்னதில்ல. இப்ப சொல்லலாம்." அழுகை வந்துவிட்டது. "மணப்பொண்ணுட உடுப்ப நான் கூலி இல்லாமத் தச்சித் தாரன். ஊர்ல மட்டும் சொல்லிராதீங்க."

மர்லியா தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. ஸபியாவின் தோளில் கை வைத்து, "அழ வாணாம் ஸபியா. மனுசர்தானே" என்றாள். "எனக்கு அன்டைக்கே வெளங்கின. ஒங்கட மானம் போகப்படா எண்டுதான் இந்தத் தலகாணிய மறைக்கப் பாத்த."

"எண்ட தங்கச்சிட மனசப் பாருங்க" என்றாள் மைமூனா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்டு" என்று மர்லியா தொடர்ந்தாள். பிறர் பொருளின் மீது ஆசை வைப்பது பற்றி, நம்பிக் கொடுத்தவர்களின் மனம் பற்றி, மறுமை பற்றி நல்ல விதமாகவே எடுத்துச் சொன்னாள். எப்படியும் பத்து நிமிடம் இருக்கும். எனக்கும் ஒரு உடுப்புத் தைத்துத் தந்தால் போதும், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று முடித்தாள். ஸபியா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். றிப்னா தூணோரம் நின்று, பஞ்சை ஒரு குவியலாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே த்ரீவீல் நின்றது. சம்சுதீன் நானா மழைக்குத் தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு படியேறி வந்தார். அவர் கையில் நீலக் கோடு போட்ட ஒரு தலையணை.

"ஸபியா தங்கச்சியும் இங்கதானா? ஒங்கட சாமான எறக்கக்குள்ள இது மட்டும் பின் சீட்டுக்குக் கீழ விழுந்து கெடந்தீக்கி. இவ்வளவு நேரான தையல் இந்த ஊர்ல வேற யாருக்கு வரும்?"