மாமனார் ஊரில் பக்கெட் டிராக்டர்

மாமனார் ஊரில் புது மாப்பிள்ளை செய்யக்கூடாத காரியம், யாரும் கேட்காத உதவி. அதைத்தான் நான் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டு மாதம். திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவே ஒரு சிற்றூர். தெருக்கோடியில் மாமனாரின் தரிசு முழுக்க வேலிகாத்தான் முள். எவ்வளவு வெட்டினாலும் தழைக்கிறது என்று அலுத்துக்கொண்டார். என் நண்பனிடம், முன்பக்கம் மண் அள்ளும் பக்கெட் பொருத்திய டிராக்டர் இருந்தது.

"ஒரே நாள்ல முடிச்சிடலாம் மாமா" என்றேன். (ஓட்டிப் பழகி மூன்று நாள்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை.)

மறுநாள் காலை ஊரே கூடியது. பக்கெட்டை உயர்த்தி ஒரு மரத்தைத் தள்ளினேன், சாய்ந்தது. பின்வாங்கி, பக்கெட்டைத் தரையோடு இறக்கி, வேருக்கடியில் நுழைத்து லீவரை இழுத்தேன். தொடைப் பருமன் மரம், மண் பொலபொலவென்று உதிர, வேரோடு அந்தரத்தில் தொங்கியது. கூட்டம் வாயைப் பிளந்தது. நானும்தான். இரண்டு விரலால் இழுத்ததற்குப் பூமி பிடியை விட்டுவிட்டதே!

சாயங்காலம் கடைசிப் புதரும் விழுந்தது. தூசி அடங்கியது. இத்தனை நாள் முள் மறைத்திருந்த அண்ணாமலை, தெருவைப் பார்த்து முழுசாக நின்றது. (அடிமுடி காணாத மலை என்பார்கள், நான் காட்டிவிட்டதாகவே நினைத்தேன்.)

மாமனார் கைகூப்பினார். "மலையக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டீங்க மாப்ள!"

பெருமையோடு திரும்பினேன். தெருப் பெண்கள் எல்லோரும் கையில் சொம்போடு நின்றிருந்தார்கள். யாரும் மலையைப் பார்க்கவில்லை.

"மலை தெரியுது, சந்தோஷம்" என்றார் எதிர்வீட்டு முனியம்மா அக்கா. "இனிமே மலைக்கு நாங்களும் தெரிவோமே. எங்க போய் ஒதுங்குறது?"

என் காது மடல் சுட்டது. "நீயாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன் மனைவி சாந்தியிடம்.

"காலைலேர்ந்து வேணாம் வேணாம்னு கைய ஆட்டுறோம். நீங்க திருப்பி டாட்டா காட்டுறீங்க!"

இருட்டுவதற்குள் ஓலைத் தட்டி கட்டினேன். அதுவரை என்னிடம் நேராகப் பேசியிராத மாமியார் முதல்முறையாக வாய் திறந்தார்: "இன்னும் ஒசரம் வேணுங்க மாப்ள."

அடுத்த ஒரு மாதம் அதே பக்கெட்டில் செங்கலும் மணலும் சுமந்தேன். அந்தத் தரிசிலேயே நான்கு கதவு வைத்துக் கழிப்பறை எழுந்தது. பெண்கள் அதற்கு 'மாப்ள வூடு' என்று பெயர் வைத்தார்கள். "மாப்ள வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று இன்றும் சொல்கிறார்கள்.

போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் வெள்ளந்தியாகக் கேட்டாள். "மாமா, பாட்டி ஊர்ல உங்களுக்குச் சொந்தமா வூடு இருக்காமே?"

சாந்தி முந்திக்கொண்டாள்.

"இருக்கும்மா. ஆனா உள்ள ஆள் இருக்கான்னு கேட்டுட்டுதான் போவணும்."